நாவூறு காக்காவின் மக்குப் பிள்ளை

அன்று அதிபரின் அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். அதிபர். முதலாம் தரத்து டீச்சர். விசேட கல்வி டீச்சர். ஹனாவின் உம்மா. ஹனாவின் வாப்பா. ஹனா. நான்.

ஏழு பேர்.

இந்த அறைக்குள் எத்தனை பேர் என்று ஹனாவிடம் கேட்டார்கள். எட்டு என்றாள். அந்த எட்டாவது ஆளால் வந்ததுதான் எல்லாம். அந்த ஆளை உண்டாக்கியவர் அவளுடைய வாப்பா.

கல்முனையிலிருந்து பாலமுனை வரைக்கும் தேடினாலும் அப்படி ஒரு வாப்பா கிடைக்கமாட்டார். எல்லா வாப்பாமாரும் மக்குப் பிள்ளையைக் கெட்டிக்காரப் பிள்ளை என்று சொல்லித் திரிவார்கள். கெட்டிக்காரப் பிள்ளையை மக்கு என்று சொல்லித் திரிந்தவர் இவர் ஒருவர்தான். அதுவும் சும்மா இல்லை. பாடுபட்டு.

அடையாள அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். ஓட்டோ ஸ்டாண்டில் யாருக்கும் அது தெரியாது. மூத்தவர்களை எங்கள் பக்கம் காக்கா என்போம்; நாவூறு காக்கா என்றால்தான் கல்முனைக்குடியில் தெரியும். ஓட்டோ ஓட்டினார். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் டயர் ஒட்டுகிறேன்.

ஒரு நல்லதைக் கண்டு ஒருவர் வாய் திறந்து மெச்சினால், அந்தச் சொல் பட்டு அது கெட்டுப்போகும். இதைத்தான் எங்கள் பக்கம் நாவூறு என்பது. எங்கள் எல்லாருக்கும் இதில் கொஞ்சம் பயம் உண்டு. மெச்சினால் கூடவே மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிடுவோம். அதோடு சரி. காக்காவுக்கு அதோடு சரியில்லை.

அவர் புது ஓட்டோ எடுத்த நாள். சிவப்பு நிறம். கடையிலிருந்து நேரே ஸ்டாண்டுக்கு வரவில்லை. கடற்கரைக்குப் போயிருக்கிறார். ஈர மணலை அள்ளி வண்டி முழுக்கப் பூசியிருக்கிறார். போதாது என்று ஆணியால் இடது பக்கம் நீளத்துக்கு ஒரு கோடு.

"என்ன காக்கா, புது வண்டியா?" என்றான் ஒரு பெடியன்.

"எங்கடா புதுசு? எஞ்சின் இழுக்குதில்ல. சீட்டும் குத்துது."

"மண்ணுக்கு உள்ளால பளபளண்டு—"

"வாய மூடு! மாஷா அல்லாஹ் சொல்லு முதல்ல!"

அவன் சொல்லும்வரை காக்கா அவனுடைய சட்டைக் கொலரை விடவில்லை. சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.

அவருடைய வீட்டு வட்டிலப்பம் எங்கள் ஒழுங்கையில் பேர் போனது. பெருநாளைக்கு எங்களுக்கும் வரும். பின்னாலேயே அவரும் வருவார். தின்று முடிக்கும்வரை நிற்பார்.

"சீனி கூட. முட்ட மணக்குது. என்ன?"

ஓம் என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பீங்கானை வாங்கிக்கொண்டு போய்விடுவார். என் பெண்சாதி ஒருமுறை பாதி வட்டிலப்பத்தை அப்படி இழந்தாள். அதற்குப் பிறகு கதவைத் திறக்கும்போதே "சீனி கூட காக்கா" என்றுதான் திறப்பாள்.

ஒரு தரம் வெளியூர் வாத்தியார் ஒருவர் பின் சீட்டில் இருந்தார். நல்ல மனிதர். "நீங்கள் மிகவும் நிதானமாக ஓட்டுகிறீர்கள்" என்று சொல்லிவிட்டார். மாஷா அல்லாஹ் சொல்லச் சொல்வதற்காகக் காக்கா பின்னால் திரும்பினார். திரும்பியபடியே போய் ரோட்டோரத் தயிர்க் கடைக்குள் ஏறினார். பதினான்கு முட்டித் தயிர் உடைந்தது. வாத்தியாரின் மூக்குக் கண்ணாடியிலும் தயிர். காக்கா இறங்கி நின்று அவரைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தீங்களா சேர்? இதத்தான் நான் சொல்லுற."

நாங்கள் சிரித்தோம். சிரித்தது சரியா என்று இப்போது தெரியவில்லை. அவருக்கு ஒரு காரணம் இருந்தது.

ஹனாவுக்கு முன்னால் ஒரு மகன் பிறந்தான். ஒன்றே முக்கால் வயதில் முழு வசனம் கதைத்தான். ஒரு கல்யாண வீட்டில் அவனை மேசையில் ஏற்றிக் கதைக்க விட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளி மெச்சினார்கள். காக்காவும் பக்கத்தில் நின்று சிரித்தார். மூன்றாம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் மையவாடியில் அடக்கம். டாக்டர் ஒரு வருத்தத்தின் பெயரைச் சொன்னாராம். காக்கா அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு வேறு பெயர் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஏழு வருடம் பிள்ளை இல்லை. பிறகு ஹனா.

ஹனா பிறந்ததை அவர் ஸ்டாண்டில் சொன்ன விதம் இது. "ஒரு புள்ள கிடைச்சிரிக்கி. கறுப்பு. மூக்கும் சப்ப." போய்ப் பார்த்தோம். நிலாத்துண்டு போல ஒரு பிள்ளை. நெற்றியில், கன்னத்தில், உள்ளங்காலில் எல்லாம் மைப்பொட்டு. யாரும் வாய் திறக்கவில்லை. அவர் வாசலிலேயே நின்றார்.

பிள்ளைக்கு மூன்றரை வயது இருக்கும். காக்காவின் ஓட்டோவுக்கு நான் டியூப் ஒட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை சீட்டில் இருந்தபடி என் கடைப் போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு வாடிக்கையாளர் என் போன் இலக்கம் கேட்டார். சொன்னேன். அவர் போய்விட்டார்.

"டயர் மாமா, போர்ட்ல அஞ்சாவது நம்பர் வேற. நீங்க சொன்ன வேற."

எழும்பிப் போய்ப் பார்த்தேன். வேறுதான். போர்ட் எழுதியவன் பிழையாக எழுதிவிட்டான். ஆறு வருடம் அப்படியே தொங்கியிருக்கிறது. ஆறு வருடமாக எனக்கு யாரும் போன் எடுக்காததை நான் பெரிதாக எடுக்கவில்லை.

காக்கா பாய்ந்து பிள்ளையின் வாயைப் பொத்தினார். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ ஒண்டும் சொல்லலயே?"

"இல்ல."

"மனசில?"

"மனசிலயும் இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்."

மறுநாள் வந்து என்னிடம் ஒரு உதவி கேட்டார். பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். யாரும் படிப்பிக்கவில்லை. பஸ் போர்ட் பார்த்துத் தானாகப் பிடித்திருக்கிறாள். இது உம்மாவுக்கும் அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியவேண்டும்.

"ஏன் எனக்கு?" என்றேன்.

"உன்ட வாயில நாவூறு இல்லடா தம்பி. இத்தின வருசத்தில நீ ஒண்டையாச்சும் மெச்சி நான் கண்டதில்ல. உன்ட கல்யாணத்தண்டு பொண்ணு எப்பிடியெண்டு கேட்டன். 'இரிக்கா' எண்டு சொன்னாய்."

அது உண்மை. நான் கதை குறைவு. ஏழாம் வகுப்போடு கடைக்கு வந்தவன். அங்கே டயர் கதைக்காது, நானும் கதைக்கத் தேவையில்லை.

அன்றிலிருந்து என் கடை பள்ளிக்கூடமாகிவிட்டது. ஊர் சோறு தின்று உறங்கும் மத்தியான நேரம்தான் வகுப்பு. ஓட்டோவின் பின் சீட்டுக்குக் கீழே, ஸ்பேர் டயர் வைக்கும் இடத்தில், பிள்ளையின் புத்தகங்கள் இருந்தன. ஸ்பேர் டயரை என் கடையில் வைத்திருந்தார். நடுவழியில் பஞ்சரானால் தள்ளிக்கொண்டு வருவார். புத்தகத்தை இறக்கமாட்டார். பழைய பத்திரிகை, பெரிய வகுப்புப் பிள்ளைகளின் கணக்குக் கொப்பி, கலண்டர், உடைந்த கல்குலேற்றர். பிள்ளையை பஸ் டிப்போவுக்குக் கொண்டுபோய் பஸ் இலக்கங்களைக் கூட்ட விடுவார். திரும்பி வந்து என் காதுக்குள் சொல்லுவார்.

"தம்பி, பெருக்கல் வருது."

பிள்ளைக்கு வலிப்பு வருது என்று சொல்லுகிற முகம்.

இது உள்வேலை. வெளிவேலை வேறு. வெளியாட்கள் எது கேட்டாலும் பிழையாகச் சொல்ல வேண்டும். அதையும் என் கடையில்தான் பழக்கினார்.

"ஆட்டுக்கு எத்தின கால்?"

"நாலு வாப்பா."

"வெளி ஆக்கள் கேட்டா?"

பிள்ளை யோசித்தாள். "அஞ்சு."

"கைவெரல்?"

"பதினொண்டு."

"கெட்டி—"

அந்த இடத்தில் நாக்கைக் கடித்துக்கொள்வார். பக்கத்தில் மூன்று தரம் துப்புவார். என் தண்ணீர் வாளிக்குள் ஒருதரம் துப்பிவிட்டார். கெட்டிக்காரி என்ற சொல்லை அவர் அந்தப் பிள்ளைக்கு முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எப்போதும் பாதியில் கடித்து விழுங்கிவிடுவார்.

எப்படிப் பிழை சொல்வது என்று அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒன்று கூட்டிச் சொல்வது பிள்ளை தானே எடுத்த முடிவு. ஓதப் பள்ளியில் மவுலவி, "அலிஃபுக்குப் பொறகு என்ன மகள்?" என்று கேட்டால், பே என்ற எழுத்தைத் தாண்டி, "தே" என்பாள். மவுலவி பாவம், ஞாபகசக்திக்குத் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். காக்கா சந்தோசத்தோடு போத்தலை வாங்கிக்கொண்டு வந்தார்.

பிறகு மனம் கேட்காமல் அவரே மவுலவியிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டார். மவுலவி கொஞ்ச நேரம் தாடியைத் தடவினாராம்.

"கண்ணூறு இரிக்கிறது உண்மதான் காக்கா. அதுக்கு ஓதிக்கொள்ளத்தான் சொல்லியிரிக்கி. புள்ளய மக்காக்கச் சொல்லி எங்க இரிக்கி?"

"நீங்க ஓதுங்க மவுலவி. நான் மத்தப் பக்கத்தப் பாக்கிறன்."

ஒரு விசயம் மட்டும் அவர் செய்திருக்கக்கூடாது. பிள்ளையைச் சோதித்தார். ஸ்டாண்டுப் பெடியன்கள் நிற்கும்போது, "வெளி ஆக்கள் இரிந்தாலும் பரவாயில்ல மகள். இப்ப சரியாச் சொல்லு. வாப்பா சொல்லுறன்தானே" என்பார். முதல் தரம் பிள்ளை நம்பி, ஆட்டுக்கு நாலு கால் என்று சரியாகச் சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் போய், "வாப்பா சொன்னாலும் சொல்லப்படா" என்று ஒரு மணித்தியாலம் பாடம் எடுத்தார். அடுத்த தரம் அவள் மாட்டவில்லை. அதற்குப் பிறகு எத்தனை தரம் கேட்டாலும் மாட்டவில்லை. லேசாகச் சிரித்துக்கொண்டு ஒன்று கூட்டிச் சொல்லுவாள். காக்காவுக்குப் பெருமை தாங்காது. தலையைத் திருப்பிக்கொண்டு என் டயரைப் பார்ப்பார்.

ஹனா முதலாம் தரத்துக்குப் போனாள்.

நான் நினைத்தேன், பள்ளிக்கூடத்தில் விட்டுவிடுவார் என்று. விடவில்லை. "அங்க நாப்பது புள்ளயள். நாப்பது உம்மாமார். நாப்பது வாய்" என்றார். பிள்ளை ஒவ்வொரு நாளும் ஒன்று கூட்டி எழுதினாள். கொப்பி முழுக்கச் சிவப்புப் பேனை. கடைசி வரிசை வாங்குக்கு மாற்றினார்கள். மற்றப் பிள்ளைகள் மக்கு ஹனா என்று கூப்பிட்டார்கள். விளையாடச் சேர்க்கவில்லை.

ஒருநாள் பள்ளி விட்டு வந்து என் கடையில் குந்தினாள். டியூபை வாளித் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டிருந்தேன். குமிழி வருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"டயர் மாமா, நான் மக்கா?"

"வாப்பாட்ட கேளு" என்றேன்.

வேறு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவள் கேட்டாள். காக்கா ஓட்டோவுக்குள் இருந்து பதில் சொன்னார். எனக்குக் கேட்டது.

"வெளியில மக்கு. ஊட்டுக்குள்ள இல்ல."

"ஊட்டுக்குள்ள என்ன வாப்பா?"

"ஊட்டுக்குள்ள கெட்டி—"

துப்பினார். மூன்று தரம்.

இரண்டாம் தவணையில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. பிள்ளையை விசேட கல்வி அலகுக்கு மாற்றவேண்டும். பெற்றோர் வந்து கையெழுத்து வைக்கவேண்டும். காக்கா என் கடைக்கு ஓடிவந்தார்.

"சொல்லிரப் போறன் தம்பி. எல்லாத்தையும் சொல்லிரப் போறன். நீ சாட்சிக்கு வா."

அந்த நாள்தான் அது. ஏழு பேர். காக்கா ஜன்னல் ஓரம் இருந்த பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் இருந்தார். முதலாம் தரத்து டீச்சர் கொப்பியைக் காட்டினா. பக்கம் பக்கமாகச் சிவப்பு. அதிபர், பொறுமையான ஆள், பிள்ளையைக் கிட்டக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இந்த ரூமுக்குள்ள எத்தின பேர் மகள்?"

"எட்டு."

"அவ ஒண்டு கூட்டிச் சொல்லுறா சேர்!" காக்கா எழும்பிவிட்டார். "எல்லாத்துக்கும் ஒண்டு கூட்டித்தான் சொல்லுவா. நான் பழக்கினது சேர். அவக்கு வாசிக்க ஏலும். பெருக்க ஏலும். பத்திரிக வாசிக்கிற புள்ள சேர்!"

"என்னத்துக்குக் காக்கா அப்பிடிப் பழக்கின?"

"நாவூறு சேர்."

அதிபர் டீச்சர்மாரைப் பார்த்தார். டீச்சர்மார் மேசையைப் பார்த்தார்கள். இப்படிப் பேசுகிற வாப்பாமாரை அவர்கள் முன்னரும் கண்டிருப்பார்கள். பிள்ளையின் குறையை ஒத்துக்கொள்ள எந்த வாப்பாவுக்கு மனம் வரும்?

காக்கா பிள்ளைக்கு முன்னால் முழங்காலில் இருந்தார்.

"மகள், சரியாச் சொல்லு. வெளி ஆக்கள் இரிந்தாலும் பரவாயில்ல. வாப்பா சொல்லுறன்தானே."

பிள்ளை வாப்பாவைப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்புத் தெரியும்.

"எட்டு."

"இல்ல மகள். இது சோதிக்கிற இல்ல. உண்மையா. அல்லாஹ்வுக்காகச் சொல்லு."

"எட்டு வாப்பா."

அவருடைய கண்ணால் தண்ணீர் வழிந்தது. அவர் அழுகிறதைக் கண்டு பிள்ளைக்குச் சிரிப்புப் போய்விட்டது. ஆனாலும் வாய் தவறவில்லை. பழக்கினது அப்படி. உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா.

அதிபர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சாட்சிக்கு வந்த ஆள்தானே. நீங்க சொல்லுங்க. புள்ள கெட்டிக்காரியா?"

ஓம் என்று சொன்னால் போதும். ஒரு சொல். நான் காக்காவைப் பார்த்தேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லு என்றும் இருந்தது அந்தப் பார்வை, சொல்லாதே என்றும் இருந்தது. உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த முதல் மகனின் ஞாபகம் வந்தது. நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் பயந்தேன்.

"எனக்குத் தெரியா சேர். நான் டயர் ஒட்டுறவன்."

காக்கா கையெழுத்து வைத்தார்.

திரும்பி வரும்போது என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது.

அடுத்த நாள் காலையில் ஸ்டாண்டுக்கு நடுவில் நின்று கத்தினார். "கேட்டுக்கொள்ளுங்க. என்ட மகள் கெட்டிக்காரி!"

பெடியன்கள் சிரித்தார்கள். "ஓம் காக்கா, ஓம்." தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். சந்தையில் சொன்னார். பள்ளிவாசல் படியில் சொன்னார். தயிர்க் கடைக்காரரிடமும் போய்ச் சொன்னார். அவர் முட்டிகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார். ஆறு வருடம் மக்கு என்று சொன்னபோது ஊர் முழுக்க நம்பியது. இப்போது ஒருவரும் நம்பவில்லை. பிள்ளையைக் கூட்டிவந்து ஆட்டுக்கு எத்தனை கால் என்று கேட்டுக் காட்டினார். அஞ்சு என்றாள்.

ஊருக்கெல்லாம் சொன்னவருக்கு ஒரு இடத்தில் மட்டும் வாய் வரவில்லை. அந்தச் சொல்லைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வாய் திறப்பார். பழைய பயம் வந்து மூடிவிடும்.

அவருக்கு நெஞ்சு வருத்தம் நாலைந்து வருடமாக இருந்தது. குளிசையை ஓட்டோவில்தான் வைத்திருந்தார். புத்தகங்களுக்கு நடுவில். எடுத்துப் போட மறந்துவிடுவார். ஒரு வியாழக்கிழமை காலையில் வலி வந்தது. தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வண்டியை ஒழுங்காக நிறுத்திப் பூட்டிவிட்டு உள்ளே போனார். கட்டிலில் கிடத்தி வயரெல்லாம் பூட்டினார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தைரியம் சொல்லியிருக்கிறார். "பயப்படாதீங்க காக்கா. உங்களப் பாத்தா நல்ல சுகமான ஆள் மாதிரித்தான் தெரியுது."

"மாஷா அல்லாஹ் சொல்லுங்க" என்றாராம் காக்கா.

அவர் கடைசியாகக் கதைத்தது அதுதான்.

ஹனாவின் உம்மா இத்தாவில் இருந்தா. புருசனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியில் வரமுடியாது. பிள்ளையை நான் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோனேன். விசேட கல்வி அலகில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். அந்த டீச்சர் தங்கமான பொம்பிளை. ஆனால் ஹனா இப்போது பிழையாகக்கூடச் சொல்லவில்லை. கணக்கென்று எது கேட்டாலும் வாயை மூடிக்கொண்டாள். கொப்பி வெள்ளையாக இருந்தது.

ஒருநாள் சைக்கிளின் முன்பாரில் இருந்தபடி கேட்டாள்.

"டயர் மாமா. வாப்பா எல்லாரிட்டயும் என்ன மெச்சினாருதானே. எனக்குப் பட வந்தது வாப்பாக்குப் பட்டிட்டா?"

நான் பிறேக் பிடித்தேன். மற்றப் பிள்ளைகள் வாப்பா எங்கே போனார் என்று கேட்கும் வயது. இவள் கணக்குப் போட்டு விடை எடுத்து வைத்திருக்கிறாள்.

"இல்ல மகள். வாப்பாக்கு நெஞ்சு வருத்தம். குளிச போட மறந்த. அவ்வளவுதான்."

"உண்மையா?"

"உண்மையா."

என் வாழ்க்கையில் நான் சேர்ந்தாற்போல அவ்வளவு கதைத்தது அன்றுதான். அவள் நம்பினாளா தெரியவில்லை. மறுபடி மிதித்தேன்.

இத்தா முடிந்த வாரம் விசேட கல்வி டீச்சர் ஆள் அனுப்பினா. உம்மா என்னையும் வரச் சொன்னா. அதே அறை. அதே அதிபர், அதே இரண்டு டீச்சர்மார். டீச்சர் மேசையில் ஹனாவின் பழைய கொப்பியை விரித்து வைத்திருந்தா. வாப்பா இருந்த காலத்துக் கொப்பி.

"சேர், இந்தப் புள்ள பிழையே விடாமப் பிழை விட்டிரிக்கா" என்றா டீச்சர்.

"என்ன டீச்சர் சொல்லுறீங்க?"

"பாருங்க. எல்லா விடையும் ஒண்டு கூட. ஒரு இடத்தில ரெண்டு கூட இல்ல. ஒரு இடத்திலயும் குறைய இல்ல. சரியான விட தெரியாம இப்பிடி எழுத ஏலுமா? வாப்பா அண்டைக்குச் சொன்னது உண்ம சேர். நாங்கதான் கேக்கல."

முதலாம் தரத்து டீச்சர் கொப்பியை இழுத்துப் பார்த்தா. பக்கத்தைப் புரட்டினா. தன்னுடைய சிவப்புப் பேனைக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தா.

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். பிள்ளை திரும்பித் தன் வகுப்புக்குப் போகவேண்டுமென்றால் அவள் வாய் திறக்கவேண்டும். ஒரு தரமாவது.

விசேட கல்வி டீச்சர் குனிந்து கேட்டா. "ஹனா. இந்த ரூமுக்குள்ள எத்தின பேர் மகள்?"

ஹனா தரையைப் பார்த்தாள். உம்மாவின் உதடு ஓதியது. ஜன்னல் ஓரத்து பிளாஸ்டிக் கதிரை வெறுமையாக இருந்தது. யாரும் அதில் இருக்கவில்லை. மற்றவர்கள் நெருக்கியடித்து வாங்கில் இருந்தோம்.

நான் எழும்பினேன். கையில் டயர்க் கறுப்பு. எவ்வளவு கழுவியும் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"மகள்" என்றேன். "நீ கெட்டிக்காரி."

காக்கா எத்தனையோ தரம் தொடங்கி விழுங்கின சொல். அவளுடைய முகத்தைப் பார்த்து முழுதாகச் சொன்னேன். "மாஷா அல்லாஹ்" என்றும் சேர்த்துச் சொன்னேன். சொல்லாவிட்டால் அவர் எங்கிருந்தாலும் வந்து என் கொலரைப் பிடித்திருப்பார்.

ஹனா தலையைத் தூக்கினாள். முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தாள், விழப்போகிறதா என்று. உம்மாவைப் பார்த்தாள். எல்லாரும் இருந்தபடியே இருந்தார்கள். காற்றாடியும் சுற்றியது.

"ஏழு" என்றாள்.

முதலாம் தரத்து டீச்சர் பெருமூச்சு விட்டா. விசேட கல்வி டீச்சர் விடவில்லை. "ஆர் ஆர் மகள்? காட்டு பாப்பம்."

ஹனா விரலால் காட்டினாள். அதிபர் சேர். டீச்சர். மற்ற டீச்சர். உம்மா. டயர் மாமா. தன் நெஞ்சைத் தொட்டாள். பிறகு ஜன்னல் ஓரத்துக் கதிரையைக் காட்டினாள்.

"அது வாப்பா."

அவள் அந்தக் கதிரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை இறக்கினாள். அதிபரின் பக்கம் திரும்பினாள். யாரும் கேட்கவில்லை. தானாகச் சொன்னாள்.

"ஆறு."